கார் கம்பெனிகள் சேரும்போது என்னதான் கைமாறுகிறது?

2025 மார்ச் 31 அன்று ஒரு செய்தி வந்தது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து நடத்திவந்த கார் தொழிற்சாலையில் நிசான் வைத்திருந்த 51% பங்கை ரெனோ வாங்கிக்கொள்கிறது என்பதுதான் அது. வாட்ஸ்அப் வழியாக நாலு கை மாறி வந்தபோது செய்தி வேறு உருவம் எடுத்திருந்தது. நிசானையே ரெனோ வாங்கிவிட்டது என்றார்கள். நிசான் இந்தியாவை விட்டுக் கிளம்புகிறது என்றார்கள். நிசானின் மேக்னைட் கார் இனிமேல் ரெனோ பெயரில் வரும் என்று சொன்னவர்களும் உண்டு.

மூன்றும் தவறு. கைமாறியது ஒரு தொழிற்சாலையின் பங்கு. நிசான் என்ற கம்பெனி ஜப்பானில் அப்படியேதான் இருக்கிறது. நிசான் என்ற பெயரும் அவர்களிடமே இருக்கிறது. மேக்னைட் அதே ஒரகடத்தில் நிசானுக்காகத் தொடர்ந்து தயாராகும் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது.

இதற்குச் சில வாரங்கள் முன்பு இன்னொரு குழப்பம். 2024 டிசம்பர் 23 அன்று ஹோண்டாவும் நிசானும் இணைவது பற்றிப் பேச ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2025 பிப்ரவரி 13 அன்று பேச்சு முறிந்துவிட்டதாக இரு தரப்பும் அறிவித்தன. முதல் செய்தி போய்ச் சேர்ந்த இடமெல்லாம் இரண்டாவது போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் "அதான் ஹோண்டாவும் நிசானும் ஒண்ணாயிடுச்சே" என்று சொல்பவர்களைப் பார்க்கலாம்.

இணைப்பு என்றால் ஒன்று மற்றதை விழுங்குவது, விழுங்கப்பட்டது காணாமல் போவது என்ற எண்ணம்தான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் அடிப்படை. நடைமுறை அப்படி இல்லை. கம்பெனியின் உடைமை, தொழிற்சாலை, காரின் அடிக்கட்டுமானம், பெயர், விற்பனை–சர்வீஸ் வலை என்று ஐந்து சமாச்சாரங்கள் இருக்கின்றன. இவை ஒன்றாகக் கைமாறுவதைவிடத் தனித்தனியாகக் கைமாறுவதே அதிகம்.

ஒரு தெரு, இரண்டு ஹோட்டல்

உங்கள் ஊர்க் கடைத்தெருவில் இரண்டு டிபன் ஹோட்டல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஏசி ஹால், வெள்ளை மேசை விரிப்பு, குடும்பத்தோடு வருகிற கூட்டம். மற்றது பஸ் ஸ்டாண்டை ஒட்டி, நின்றபடி சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்கானது. இரண்டையும் ஒரே முதலாளி வாங்குகிறார்.

விவரம் தெரிந்தவர் என்றால் எந்தப் போர்டையும் கழற்ற மாட்டார். அந்தப் போர்டைப் பார்த்துத்தானே ஆள் உள்ளே வருகிறார்? அவர் கை வைப்பது பின்கட்டில். இரண்டு இடத்தில் ஓடிய கிரைண்டர் ஒரே இடத்தில் ஓடும். காய்கறி மொத்தமாக வரும். மாவு ஒரே இடத்தில் அரைக்கப்பட்டு இரண்டு கடைக்கும் போகும். இங்கே நெய் ரோஸ்ட், அங்கே கல்தோசை. சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியும். செலவுக் கணக்கு எழுதுகிற முதலாளிக்கு எல்லாம் ஒரே மாவு.

சிக்கல் எப்போது வரும்? செலவை இன்னும் குறைக்கலாம் என்று சாம்பார், சட்னி, தோசையின் அளவு வரை எல்லாவற்றையும் ஒன்றாக்கும்போது. "பஸ் ஸ்டாண்டில் 40 ரூபாய்க்குக் கிடைப்பதை இங்கே ஏன் 80 கொடுத்துச் சாப்பிட வேண்டும்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், ஏசி ஹாலில் கூட்டம் கரையத் தொடங்கும். கார் குழுமங்களின் கதை முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சேர்க்கையில் எத்தனை வகை?

பத்திரிகைகள் எல்லாவற்றையும் 'இணைப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. நான்கு வகையையாவது பிரித்துப் பார்க்க வேண்டும்.

இணைப்பு என்பது இரண்டு கம்பெனிகள் கலைந்து, இரண்டின் பங்குதாரர்களும் புதிய ஒரு கம்பெனியின் பங்குதாரர்களாக மாறுவது. ஃபியட் கிரைஸ்லரும், பிரான்சின் பெஜோ–சிட்ரோயன் குழுமமான பிஎஸ்ஏவும் 2021 ஜனவரி 16 அன்று இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆனது இந்த வகை. புதிய கம்பெனியில் பழைய இரு தரப்புப் பங்குதாரர்களுக்கும் பாதிப் பாதி.

கையகப்படுத்தல் என்றால் ஒன்று மற்றதைக் காசு கொடுத்து வாங்குவது. ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008-ல் 230 கோடி டாலருக்கு டாடா வாங்கியது இந்த வகை.

கூட்டணியில் இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாகவே இருக்கும். ஒன்றின் பங்கை மற்றது கொஞ்சம் வைத்துக்கொண்டு தொழில்நுட்பம், கொள்முதல் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும். 1999-ல் ரெனோ 36.8% நிசான் பங்கை வாங்கியதில் தொடங்கியது அப்படியொரு உறவு. ரெனோவின் பிடி பிறகு இன்னும் இறுகி, நிசான் தரப்பில் மனக்கசப்பாகி, 2023-ல் இருவரும் ஒருவரிடம் ஒருவர் தலா 15% ஓட்டுரிமை என்ற அளவுக்குத் தளர்த்திக்கொண்டார்கள். ஆக நிசானை ரெனோ 'வாங்கியது' கிடையாது, எந்தக் காலத்திலும்.

கூட்டு நிறுவனம் என்பது இரண்டு கம்பெனிகள் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் மூன்றாவதாக ஒன்றைத் தொடங்குவது. ஒரகடம் தொழிற்சாலை அப்படித்தான் இருந்தது.

'சமமானவர்களின் இணைப்பு' என்று யாராவது அறிவித்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் 1998-ல் அப்படித்தான் அறிவித்தன. கிரைஸ்லரைத் தொடக்கத்திலிருந்தே தன் கீழ் ஒரு பிரிவாக வைத்துக்கொள்ளத்தான் நினைத்ததாக, இரண்டே ஆண்டுகளில் டைம்லர் தலைவர் யுர்கன் ஷ்ரெம்ப் ஒரு நாளிதழிடம் ஒப்புக்கொண்டார். 2007-ல் கிரைஸ்லரின் பெரும்பங்கை டைம்லர் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. இடைப்பட்ட காலத்தில், 2001-ல், பிளைமவுத் என்ற பழைய அமெரிக்க பிராண்டு மூடப்பட்டது.

இதுவரை பார்த்தது: செய்தியில் 'இணைந்தன' என்று வந்தால் உடனே எந்த வகை என்று பாருங்கள். புதுக் கம்பெனி பிறந்ததா, ஒன்று மற்றதை வாங்கியதா, பங்கு மட்டும் பரிமாறிக்கொண்டார்களா, ஒரு தொழிற்சாலைக்கு மட்டும் கூட்டா?

மாவு: அதாவது பிளாட்ஃபார்ம்

ஹோட்டலில் மாவு எதுவோ, காரில் அது பிளாட்ஃபார்ம். கார் ஒன்றின் தரைத்தகடு, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், இன்ஜின் உட்காரும் இடம், ஸ்டீயரிங், மோதலில் நசுங்கி ஆட்களைக் காப்பாற்றும் அமைப்பு, மின்இணைப்புகள் ஆகியவற்றின் அடிப்படை வடிவமைப்புக்குத்தான் அந்தப் பெயர். வாங்குபவர் கண்ணுக்கு இதில் எதுவும் படாது. ஆனால் பணம் கொட்டப்படுவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, விகிதம்தான் முக்கியம். புதிய பிளாட்ஃபார்ம் ஒன்றை உருவாக்க 3,000 கோடி ரூபாய் ஆகிறது; அதில் மொத்தம் 3 லட்சம் கார்கள் விற்கின்றன என்றால், ஒவ்வொரு காரின் தலையிலும் 1 லட்சம் ரூபாய் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதே பிளாட்ஃபார்மை இன்னொரு பிராண்டும் பயன்படுத்தி 6 லட்சம் கார்கள் விற்றால் அது 50,000 ஆகிவிடும். 10 லட்ச ரூபாய்க் காரில் 50,000 ரூபாய் என்பது சாதாரண வித்தியாசமில்லை. கம்பெனிகள் சேருவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எத்தனையோ இருக்கலாம்; பெரும்பாலும் அடியில் ஓடுவது இந்த வகுத்தல் கணக்குதான்.

நம் சாலைகளில் இதற்கு நல்ல உதாரணம் ஹூண்டாயும் கியாவும். ஆசிய நிதி நெருக்கடியில் கியா திவாலானபோது, 1998-ல் அதன் 51% பங்கை ஹூண்டாய் எடுத்தது. இன்று ஹூண்டாயிடம் இருப்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 'ரெண்டும் ஒரே கம்பெனி' என்பது பாதி உண்மை: குழுமம் ஒன்று, கம்பெனி இரண்டு. ஹூண்டாய் கிரெட்டா ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. கியா செல்டோஸ் ஆந்திராவின் பெனுகொண்டாவில். 2019-ல் இங்கே அறிமுகமான செல்டோஸும் அடுத்த ஆண்டு வந்த புதிய கிரெட்டாவும் ஒரே பிளாட்ஃபார்மில் நின்றன. இன்ஜின்களும் பொதுவாகவே இருந்தன. ஆனால் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு கதவுகூட மற்றதற்குப் பொருந்தாது. உள்ளே டேஷ்போர்டு வேறு, சீட் வேறு, வாங்க வரும் ஆளும் கொஞ்சம் வேறு. அதனால் இரண்டும் விற்றன.

ஃபோக்ஸ்வாகன் குழுமமும் இதையேதான் செய்கிறது. புனேவுக்கு அருகே சாகனில், ஒரே பிளாட்ஃபார்மில், ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகூனும் தயாராகின்றன. ஸ்லாவியா, வெர்டஸ் என்ற இரண்டு செடான்களும் அப்படியே. இன்ஜின்களும் பொதுவானவை. எனக்கென்னவோ, கியாவும் ஹூண்டாயும் காட்டுகிற அளவுக்கு இவர்கள் வித்தியாசம் காட்டவில்லை என்றே படுகிறது. ஷோரூமில் ஒரு வேரியண்டின் விலையையும் தள்ளுபடியையும் வைத்து முடிவு செய்பவர்கள் பலர்.

உடைமை போன பிறகும் பிளாட்ஃபார்ம் தங்கிவிடுவது உண்டு. தென்கொரியாவின் சாங்யாங்கை மஹிந்திரா 2011-ல் வாங்கியது. சாங்யாங் டிவோலியின் பிளாட்ஃபார்மை எடுத்து 2019-ல் எக்ஸ்யூவி300 வந்தது. அடுத்த ஆண்டே சாங்யாங் நொடித்துப்போய், 2022-ல் கொரியாவின் கேஜி குழுமத்திடம் போய்விட்டது. எக்ஸ்யூவி300-க்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அதன் வாரிசான 3எக்ஸ்ஓவும் அந்த வழியில்தான் வந்தது. லேண்ட் ரோவரை வாங்கிய டாடாவும் இப்படித்தான்: ஹாரியரின் அடிக்கட்டுமானம் லேண்ட் ரோவரின் ஒரு பிளாட்ஃபார்மிலிருந்து உருவாக்கப்பட்டது. ஆனால் எந்த டாடா கார் மீதும் ஜாகுவார் சின்னத்தை ஒட்டவில்லை. அது புத்திசாலித்தனம்.

சின்னம் மட்டும் மாறும் கார்கள்

பிளாட்ஃபார்மைப் பகிர்வது வேறு, காரையே பகிர்வது வேறு. ஒரே காரின் முன்கிரில், சின்னம், பெயர் ஆகியவற்றை மட்டும் மாற்றி இன்னொரு கம்பெனி விற்பதை 'ரீபேட்ஜிங்' என்கிறார்கள். தமிழில் முத்திரை மாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு இணைப்பே தேவையில்லை. டொயோட்டா 2019-ல் சுஸுகியின் சுமார் 5% பங்கை வாங்குவதாக அறிவித்தது. சுஸுகி டொயோட்டாவில் அதைவிட மிகச் சிறிய பங்கை வாங்கியது. அவ்வளவுதான் உடைமை உறவு. ஆனால் ஷோரூமில் போய்ப் பாருங்கள். மாருதி பலேனோ டொயோட்டாவில் கிளான்சா. எர்டிகா அங்கே ரூமியன். ஃப்ரான்க்ஸ் அங்கே டைசர். எதிர்த்திசையில் டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸ் மாருதியில் இன்விக்டோ. கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் இன்னும் சுவாரசியம்: பெங்களூருக்கு அருகே பிடதியில் டொயோட்டாவின் ஆலையிலேயே இரண்டும் தயாராகத் தொடங்கின. மாருதி ஷோரூமில் வாங்கிய கார், டொயோட்டா ஆட்கள் கட்டிய கார்.

கிளான்சாவின் பானெட்டைத் திறந்தால் உதிரிகள் பலவற்றில் சுஸுகி என்றுதான் அச்சிட்டிருக்கும். ஆவணத்தில் பார்க்க வேண்டுமென்றால் சேஸி எண்ணின் முதல் மூன்று எழுத்துகளைப் பாருங்கள். அவை தயாரிப்பாளரைக் குறிக்கும் சர்வதேசக் குறியீடு.

அப்படியானால் எதற்கு கிளான்சா வாங்க வேண்டும்? 2019-ல் அதற்கு நேரடியான பதில் இருந்தது. மாருதி அப்போது கொடுத்த உத்தரவாதம் 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். அதே காருக்கு டொயோட்டா கொடுத்தது 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். 2024 ஜூலையில் மாருதியும் அதே அளவுக்கு உயர்த்திவிட்டது. இப்போது மிச்சமிருப்பது எந்த சர்வீஸ் சென்டர் வீட்டுக்குப் பக்கம், எந்தச் சின்னம் மனதுக்குப் பிடிக்கிறது என்பவைதான்.

முத்திரை மாற்றம் எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஒரகடத்தில் நிசான் மைக்ராவை ரெனோ பல்ஸ் என்றும், சன்னியை ஸ்காலா என்றும் மாற்றி விற்றுப் பார்த்தார்கள். இரண்டையும் யாரும் சீந்தவில்லை. மாறாக 2012-ல் ரெனோ டஸ்டர் வந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு நிசான் அதையே டெரானோ ஆக்கியது. கூரையும் கண்ணாடியும் அதே. பானெட், கிரில், விளக்குகள் வேறு. டஸ்டருக்குக் கிடைத்த வரவேற்பில் பாதிகூட டெரானோவுக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அந்த டஸ்டரே பிறவியில் ரெனோ கிடையாது. ருமேனியாவில் டாசியா என்ற பிராண்டு இருக்கிறது. 1999-ல் ரெனோ வாங்கியது. டஸ்டர் அவர்கள் கார். முந்தைய டாசியா லோகன் இங்கே மஹிந்திரா ரெனோ லோகனாக 2007-ல் வந்து, கூட்டு முறிந்த பிறகு மஹிந்திரா வெரிட்டோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. வாடகைக் காராக ஓடிய வெரிட்டோவில் உட்கார்ந்து ஏர்போர்ட் போன பலருக்கு, தாங்கள் போவது ஒரு ருமேனிய பிராண்டின் காரில் என்று தெரிந்திருக்காது.

சுருக்கமாக: பிளாட்ஃபார்மைப் பகிர்ந்தால் கார் இரண்டு, எலும்புக்கூடு ஒன்று. ரீபேட்ஜ் செய்தால் கார் ஒன்று, பெயர் இரண்டு. முதலாவதற்குப் பெரும்பாலும் ஒரே குழுமமாக இருக்க வேண்டியிருக்கும். இரண்டாவதற்கு ஓர் ஒப்பந்தம் போதும்.

பெயர் ஒரு தனிச் சொத்து

போர்டு என்பது கடையோடு ஒட்டிக்கொண்டிருப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். சட்டத்தில் அப்படி இல்லை. பிராண்டு என்பது பதிவுசெய்யப்பட்ட பெயரும் சின்னமும். நிலத்தைப் போல அதைத் தனியாக விற்கலாம், வாடகைக்கு விடலாம், பூட்டி வைக்கலாம்.

ரோல்ஸ் ராய்ஸ் கதையைக் கேட்டால் இது மறக்காது. 1998-ல் ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி இரண்டையும் தயாரித்த இங்கிலாந்துக் கம்பெனி விற்பனைக்கு வந்தது. ஃபோக்ஸ்வாகன் 43 கோடி பவுண்டு கொடுத்து ஏலத்தை ஜெயித்தது. குரூ நகரத் தொழிற்சாலை, வடிவமைப்புகள், பானெட் மேல் சிறகு விரித்து நிற்கும் பெண் சிலை, அந்தப் பிரசித்தி பெற்ற கிரில் எல்லாம் வந்துவிட்டன. பெயர் மட்டும் வரவில்லை! 'ரோல்ஸ் ராய்ஸ்' என்ற பெயருக்குச் சொந்தக்காரர், விமான இன்ஜின் செய்கிற அதே பெயர்கொண்ட வேறொரு கம்பெனி. அது பெயரைக் கார்களுக்குப் பயன்படுத்தும் உரிமையை 4 கோடி பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவிடம் கொடுத்துவிட்டது. கடைசியில் சமரசம்: 2002 முடியும்வரை ஃபோக்ஸ்வாகன், 2003 முதல் பிஎம்டபிள்யூ. இன்றைய ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் குட்வுட்டில் பிஎம்டபிள்யூ புதிதாகக் கட்டிய ஆலையில் தயாராகின்றன. பழைய ரோல்ஸ் ராய்ஸ் ஆலையில் தயாராவது பென்ட்லி.

வோல்வோ விஷயத்திலும் இதே குழப்பம். "வோல்வோவை சீனாக்காரன் வாங்கிட்டான்" என்று சொல்லும்போது நாம் மனதில் நினைப்பது சென்னை–பெங்களூரு ராத்திரி பஸ்ஸை. 1999-ல் ஸ்வீடனின் வோல்வோ தன் கார் பிரிவை மட்டும் ஃபோர்டிடம் விற்றது. 2010-ல் ஃபோர்டு அதைச் சீனாவின் ஜீலியிடம் விற்றது. பஸ்ஸும் லாரியும் செய்வது பழைய ஸ்வீடன் கம்பெனி. அதிலும் ஜீலி பின்னாளில் கொஞ்சம் பங்கு வாங்கியது, ஆனால் அது வேறு கம்பெனிதான். பெயரை இருவரும் பொதுவில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமானது அம்பாசடர். கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. 2017-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 'அம்பாசடர்' என்ற பெயரை மட்டும் பிஎஸ்ஏவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றது. கார் இல்லை, ஆலை இல்லை, ஒரு போல்ட்டுகூட இல்லை. பெயருக்கு மட்டும் 80 கோடி. அதே காலத்தில் பிஎஸ்ஏ இங்கே சி.கே. பிர்லா குழுமத்தோடு சேர்ந்து திருவள்ளூரில் காரும் ஓசூரில் இன்ஜினும் செய்ய இறங்கியது. திருவள்ளூரிலிருந்து வந்தது அம்பாசடர் இல்லை, சிட்ரோயன்.

சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும் இன்னொரு பெயர் ஸ்டாண்டர்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு–டிரையம்ஃப் கம்பெனியை 1960களின் தொடக்கத்தில் லேலண்ட் வாங்கியது. டிரையம்ஃப் என்ற பெயருக்குத்தான் மவுசு என்று முடிவு செய்து, 1963-ல் ஸ்டாண்டர்டு என்ற பெயரைக் கைவிட்டார்கள். ஆனால் அதே டிரையம்ஃப் ஹெரால்டு காரை வண்டலூர் ஆலை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றே விற்றது. தாய்நாட்டில் செத்துப்போன பெயர் சென்னைப் புறநகரில் 1988 வரை, ஸ்டாண்டர்டு 2000 வரைக்கும், ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிய லேலண்டின் பெயரும் அப்படியே: பிரிட்டிஷ் லேலண்ட் எப்போதோ சிதறிவிட்டது, எண்ணூரின் அசோக் லேலண்ட் நிற்கிறது.

எந்த பிராண்டை மூடுவார்கள்?

ஒரு குழுமத்தில் பல பிராண்டுகள் சேர்ந்த பிறகு, கணக்கு பார்க்கும் நாள் ஒன்று வரும். பிளாட்ஃபார்ம் பொதுவானதாக இருந்தாலும் ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி விளம்பரம், தனி டீலர், தனி பம்பர் அச்சு, தனி உதிரிப்பாகக் கிடங்கு வேண்டும். அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு அந்தப் பெயர் புதிய ஆட்களைக் கொண்டுவருகிறதா? அல்லது பக்கத்துச் சகோதர பிராண்டின் ஆட்களையே இழுத்துக்கொண்டிருக்கிறதா? இரண்டாவது என்றால் நாள் எண்ணத் தொடங்கலாம்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்குப் பாடப்புத்தகம். ஷெவர்லே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், காடிலாக் என்று விலைப்படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பிராண்டு வைத்திருந்தார்கள். சம்பளம் ஏற ஏற ஆள் படியேறுவார் என்பது திட்டம். செலவைக் குறைக்கப் படிகளுக்கிடையே கார்களை ஒன்றுபோல் ஆக்கிக்கொண்டே போனார்கள். 80 ரூபாய்த் தோசைக் கேள்வி வந்தது. 2004-ல் ஓல்ட்ஸ்மொபைல் மூடப்பட்டது. 2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸே திவால் நீதிமன்றத்துக்குப் போனபோது போன்டியாக், சாட்டர்ன், ஹம்மர் எல்லாம் மூடப்பட, ஸ்வீடனின் சாப் விற்கப்பட்டது. வயதானவர்கள் ஓட்டும் கார் என்று அமெரிக்காவில் கிண்டலடிக்கப்பட்ட பியூக் எப்படித் தப்பியது? சீனாவில் அதற்கு இருந்த மரியாதையால், விற்பனையால்.

ஸ்டெல்லாண்டிஸ் பிறந்தபோது அதன் மடியில் 14 பிராண்டுகள். பெஜோ, சிட்ரோயன், ஓப்பல், ஃபியட் நான்கும் ஐரோப்பாவில் ஏறக்குறைய ஒரே வாடிக்கையாளரைத்தான் தேடுகின்றன. வாக்ஸ்ஹால் என்பது இங்கிலாந்தில் மட்டும் ஓப்பல் கார்களுக்கு ஒட்டும் பெயர். லான்சியா பல ஆண்டுகளாக ஒரே ஒரு மாடலை இத்தாலியில் மட்டும் விற்றுக்கொண்டிருந்தது. எந்தப் பெயரையும் மூட மாட்டோம் என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். 14 பெயர்களும் நிலைக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

மாடல்களின் கதி

பிராண்டு தப்பினாலும் மாடல் தப்பும் என்று சொல்ல முடியாது. இணைப்பு நடந்த மறுநாள் எந்த மாடலும் நிற்பதில்லை. அச்சுகளுக்கும் ரோபோக்களுக்கும் போட்ட காசை எடுத்தாக வேண்டுமே. அடுத்த தலைமுறை வரும்போதுதான் மாற்றம் தெரியும். ஓப்பல் கோர்சா ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டுப் பிள்ளையாகவே பல தலைமுறை வந்தது. 2017-ல் ஓப்பலை பிஎஸ்ஏ வாங்கியது. 2019-ல் வந்த புதிய கோர்சா பெஜோ 208-இன் பிளாட்ஃபார்மில் நின்றது. பெயர் அதே, எலும்பு முழுக்க வேறு. இன்று திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோயன் சி3-யின் அடிக்கட்டுமானக் குடும்பத்தில்தான் செர்பியாவில் தயாராகும் ஃபியட் கிராண்டே பாண்டாவும் சேர்ந்திருக்கிறது.

காரை ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு

"கம்பெனி கைமாறினால் என் காருக்கு ஸ்பேர் கிடைக்குமா?" நியாயமான கேள்வி. ஆனால் இணைப்பு வேறு, நாட்டை விட்டுக் கிளம்புவது வேறு. ஷெவர்லே 2017-ல் இங்கே விற்பனையை நிறுத்தியதும், ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்ததும் இணைப்பால் இல்லை. விற்பனை போதவில்லை, நஷ்டம். சர்வீஸ் வசதியைத் தொடர்வதாக இருவரும் சொன்னார்கள். ஷோரூம்கள் குறைந்ததால் அலைச்சல் கூடியது.

இங்கேதான் பகிர்வு உங்களுக்குச் சாதகமாகிறது. ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். புன்டோ, லினியாவில் மட்டுமா இருந்தது? மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, ஷெவர்லே செயில் என்று லட்சக்கணக்கான கார்களில் ஓடியது. ஃபியட் கார்கள் இந்திய ஷோரூம்களிலிருந்து மறைந்த பிறகும் மாருதி அந்த இன்ஜினை விற்றுக்கொண்டுதான் இருந்தது. பிஎஸ்6 என்ற புதிய புகை விதி வந்த 2020-ல்தான் விட்டது. அதனால் லினியாவின் இன்ஜினைப் பிரித்துப் போடத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார்.

அதே லினியாவின் முன்விளக்கு உடைந்தால் நிலைமை வேறு. விளக்கு, பம்பர், பானெட், கதவுத் தகடு எல்லாம் அந்தப் பெயருக்கென்றே செய்தவை. வேறு எந்தக் காருக்கும் பொருந்தாது. டெரானோவும் அப்படித்தான். இன்ஜின், சஸ்பென்ஷன் உதிரியை டஸ்டர் கணக்கில் வாங்கிவிடலாம், முகத்தை வாங்க முடியாது. நின்றுபோன பிராண்டின் பழைய கார் ஒன்று மலிவாக வருகிறது என்றால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஹெட்லைட்டும் முன்பம்பரும் கையிருப்பில் இருக்கிறதா, என்ன விலை என்று இரண்டு ஸ்பேர் கடைகளில் விசாரித்துவிடுங்கள். இன்ஜினைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.